மூன்று லிட்டர் அதிகம்

அத்தியாயம் 17

போன வாரம் மேட்டுச் சாலையில், ஒரு டீச்சரம்மாவின் பீரோவையும் பதினொரு அட்டைப்பெட்டிகளையும் சுமந்தபடி, எதிர்வரிசை வீடுகளே தெரியாத அளவுக்கு நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோன வேன், இந்த வாரம் வீட்டு வாசலில் நிற்கிறது. சும்மா நிற்கவில்லை. ஒரு குடும்பத்தை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி நிற்கிறது.

முதல் கட்சி, டிரைவரும் அவருடைய தம்பியும். தேய்ந்துபோன இன்ஜினைத் தலைமுழுகிவிட்டுப் பெரிய இன்ஜினாக வைத்துவிட வேண்டும் என்பது இவர்கள் பேச்சு. தம்பியிடம் சொந்த லாரி இருக்கிறது. தூரத்து ஊர்களுக்கு லோடு அடிக்கிறான். அண்ணனின் வேனும் பெரிய இன்ஜினோடு கூட வந்தால் இரண்டு வண்டியும் ஜோடியாகப் போய் வரலாம். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஒரு இன்ஜினைப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட விட்டுக் கேட்டும் வந்துவிட்டான்.

இரண்டாவது கட்சியில் ஒரே ஒரு ஆள்தான். டிரைவரின் மச்சான், மெக்கானிக். இருக்கிற இன்ஜினையே இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்கிறார். இருபது நாள் ஆகுமாம். ஒற்றை ஆள் என்றாலும் குரல் நான்கு பேர் குரல்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் பொட்டலக்காரி. டிரைவருக்கு மனைவி, மெக்கானிக்கின் கூடப்பிறந்த தங்கை. வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் பன்னிரண்டு வருடமாகக் கணவனோடு ஒரே வண்டியில் போய் வருகிறாள். கண்ணாடிச் சாமானைக் காகிதத்தில் சுற்றுவதும், பெட்டியில் அடுக்குவதும், எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று லேபிள் எழுதி ஒட்டுவதும் அவள் வேலை. பொட்டலக்காரி என்பது தெருவே வைத்த பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

இதில் பெரிய சிக்கல், வண்டி அவள் பெயரில் இருப்பது. இன்ஜின் மாற்றுவதென்றால் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அந்த விண்ணப்பம் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

இன்று அதற்குக் கடைசி நாள்.

*

"அண்ணி, ஒரே ஒரு கையெழுத்து," என்றான் கொழுந்தன். காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். "உங்க பேரை எழுதப் போறீங்க. சொத்தையா எழுதித் தரப் போறீங்க?"

"யோசிக்கிறேன் தம்பி."

"மூணு நாளாவா?"

"எனக்கு மெதுவாத்தான் ஓடும். பழைய இன்ஜின்."

கொழுந்தன் சிரித்துவிட்டான். டிரைவர் சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் நின்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த மாதிரி ஒரு பேச்சு கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை அவர். ஆறு வருடத்துக்கு முன்னால் பீங்கான் பெட்டியில் அவள் தவறுதலாகத் 'துணி' என்று லேபிள் ஒட்டி, அதை அவர் தூக்கிப் போட்டு, உள்ளே இருந்ததெல்லாம் நொறுங்கியதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவர். துவைத்த துணியை மடித்து வைத்தால்கூட, "பாத்து, உடைஞ்சிடப் போவுது" என்பார்.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாகவே ஒரு மாதிரி இருக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்லையே" என்கிறார். அந்த 'ஒண்ணுமில்லை'யில் என்னவெல்லாம் இருக்கிறது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"யார்டுக்காரர் இன்னிக்கு இன்ஜினை ஏத்தி விடறேன்னுட்டாரு," என்றான் கொழுந்தன். "நானும் அண்ணனும் போய்க் கொண்டு வந்துடறோம். ஆனா சாயங்காலம் அஞ்சரைக்குள்ள உங்க கையெழுத்து போட்ட பேப்பரைக் காட்டணும். இல்லேன்னா இன்ஜினைத் திருப்பிக் கொண்டாந்துடுன்னு சொல்லிட்டாரு. இன்னொரு பார்ட்டி காத்துட்டு இருக்காம்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"வண்டி உன் பேர்ல இருக்கு. நீதான் சொல்லணும்."

"ஓட்டறது நீங்கதானே?"

"அதுக்கு?"

இதற்குப் பெயர் பதிலா? எதற்கும் ஒரு எதிர்க் கேள்வி. அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நம்மிடம் மறைக்க முடியாது.

ஜோடியாக லாரியும் வேனும் தூரத்து ஊர்களுக்குப் போனால், வாரத்தில் நான்கு நாள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். அந்த வேலையில் பொட்டலம் கட்டுவது கிடையாது. கம்பெனிகளின் மரப்பெட்டிகளை ஏற்றி இறக்குவதுதான். அங்கே லேபிள் எழுத ஆள் எதற்கு? இவருக்குப் பெரிய இன்ஜின்தான் வேண்டுமா, அல்லது என் பக்கத்திலிருந்து நாலு நாள் தள்ளி இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வி மூன்று நாளாக அவளைக் குடைகிறது. வாய் விட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"எங்க அண்ணன் கடைசியா ஒரு தடவை பழைய இன்ஜினைப் பாத்துடட்டும்," என்றாள். "அவரும் பாத்துட்டு இது ஆகாதுன்னு சொல்லிட்டார்னா, மறு பேச்சு இல்லாம கையெழுத்து போடறேன்."

"மச்சான் எப்படிம்மா ஆகாதும்பாரு? ஓடாத கடிகாரத்தக்கூட ஓடும்னு சொல்ற மனுஷன்," என்றார் டிரைவர். அரை நொடி பழைய ஆளாகத் தெரிந்தார். அடுத்த நொடி செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியோடு கிளம்பிவிட்டார்.

வாசல் வரை போனவர் திரும்பி, "தண்ணிக் குடத்த நீ தூக்காத. நான் வந்து வைக்கிறேன்," என்றார்.

குடத்தைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்? அவர்கள் லாரி தெருமுனை திரும்பியதும் அவள் குடத்தைத் தூக்கி வைத்தாள். முதுகில் சுருக்கென்றது. மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விண்ணப்பத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

*

அண்ணனின் பட்டறை நான்கு தெரு தள்ளி. அவரே வந்து வண்டியை எடுத்தார். பக்கத்து சீட்டில் அவள். நான்கு தெருவிலும் புகை போட்டுக்கொண்டே போனார்கள். மாடியில் துணி காயப்போட்டிருந்த ஒரு அம்மாள் கீழே எட்டிப் பார்த்து என்னவோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்க வழியில்லை.

இந்த வேனில் இன்ஜின் முன்மூக்கில் இல்லை. உள்ளே, பக்கத்து சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயும் அளவு பார்க்கும் கம்பியும் மட்டும் பின்பக்க மூடிக்குள் இருக்கும்; இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த சீட்டைக் கழற்ற வேண்டும். அண்ணன் நான்கு போல்ட்டைக் கழற்றி சீட்டைத் தூக்கிப் பட்டறைத் தரையில் வைத்தார்.

"உக்காரு பாப்பா."

நாற்பத்திரண்டு வயதுப் பாப்பா தன் சீட்டிலேயே தரையில் உட்கார்ந்தாள். ஓரம் தையல் விட்டு, அவளே ஊசி போட்டுத் தைத்த சீட். பன்னிரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அதில் அவள் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

அண்ணன் டேப்பை எடுத்து இன்ஜின் குழியின் ஆழத்தை அளந்தார். மறுபடி அளந்தார். வாய்க்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டார்.

"உன் வீட்டுக்காரர் அந்த இன்ஜினோட உயரத்த உன்கிட்ட சொன்னாரா?"

"என்ன உயரம்?"

"ஒரு முழம் ஜாஸ்தி. இந்தக் குழியில உக்காராது. மேல் மூடிய வெட்டித் தூக்கிக் கட்டணும். கட்டினா இந்தப் பக்கம் பூரா மேடாயிடும்."

"ஆனா என்ன?"

அண்ணன் அவள் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். "இத மறுபடி மாட்ட இடம் இருக்காது பாப்பா. டிரைவர் சீட் மட்டுந்தான்."

அவளுக்கு ஒரு நிமிடம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. சீட் இருக்காது என்றால்? "வேற எங்கயாவது மாட்ட முடியாதா? பின்னாடி, சாமான் வைக்கிற இடத்துல?"

"சாமானோட சாமானா உக்காரப் போறியா?"

"அவருக்கு இது தெரியுமா?"

"உயரம் பாக்காம யாராவது இன்ஜின் வாங்குவாங்களா? இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டற மனுஷன்," என்றவர், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று மாற்றிக்கொண்டார். "தெரியாமலும் இருக்கலாம். தம்பிக்காரன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியிருப்பாரு."

அண்ணனுக்குப் பூசி மெழுகத் தெரியாது. அவருக்கு வெல்டிங்தான் தெரியும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரைச் சொருகி, அவளைச் சாவியைத் திருகச் சொன்னார். முதல் சிலிண்டர், முள் நன்றாக எழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் முள் பாதியிலேயே சோர்ந்துவிட்டது.

"என்ன கண்றாவி இது?" என்றார் அண்ணன். "இவ்வளவு புகை விடற வண்டிக்கு நாலும் படுத்திருக்கணுமே. மூணு நல்லா இருக்கு."

"அப்ப நல்லதா?"

"நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியலையே."

மூன்று நாளாக 'போர் போடு, போர் போடு' என்று நின்ற மனிதர் வாயிலிருந்து இது வருகிறது. அவளுடைய குழப்பம் பத்தாதென்று அவருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

"ஆயில இறக்கிப் பாக்கலாம். இரும்புத் தூள் வருதான்னு தெரிஞ்சிடும்."

வண்டிக்கு அடியில் பத்து லிட்டர் வாளியை வைத்து அண்ணன் இன்ஜினின் அடித் திருகாணியைக் கழற்றினார். கருகருவென்று ஆயில் இறங்கியது. வாளியின் உட்புறம் லிட்டர் கோடுகள் போட்டிருந்தார். நான்கு. ஐந்து. ஆறு. இந்த இன்ஜினுக்கு ஆறுதான் அளவு. ஆறோடு நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. ஏழு, எட்டு என்று ஏறி, ஒன்பதாவது கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் சொட்டுச் சொட்டாக ஆனது.

அண்ணன் வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு இவ்வளவு ஊத்தினது?"

தினமும் காலையில் ஆயில், தண்ணீர், டயர் பார்ப்பது யார் வேலை? அவள் வேலை. கம்பியை இழுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுவது யார்? அவள்தான்.

"கம்மியாக் காட்டிச்சுண்ணே. அதான் ஊத்தினேன். வாரா வாரம் ஊத்தினேன்."

"அன்னிக்கு நான்கூட இழுத்துப் பாத்தேனே, கொஞ்சம் கம்மியாத்தான் இருந்தது," என்று முனகியபடி அண்ணன் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவினார். வேறொரு வண்டியின் அதே மாடல் இன்ஜின் பட்டறை மேசையில் பிரித்துக் கிடந்தது. அதன் கம்பியையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவளுடைய கம்பி இரண்டு விரற்கடை குட்டை.

"இந்தக் கம்பி எங்க வாங்கினது?"

இனி மென்று விழுங்கிப் பயனில்லை. "நாலு மாசம் முன்னாடி பழைய கம்பியோட பிடி என் கையிலயே உடைஞ்சுபோச்சு. பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்கிச் சொருகினேன். ஓட்டையில சரியாப் போச்சு. சரிதான்னு நெனச்சேன்."

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"சொன்னா அதையும் ஆறு வருஷம் சொல்லிக் காட்டுவாரு."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "குட்டைக் கம்பி, பாப்பா. நெறைஞ்சிருந்தாலும் குறைஞ்ச மாதிரிதான் காட்டும். நீ ஊத்த ஊத்த அது நொரைச்சுப் போயி மேல ஏறிப் புகையா வந்திருக்கு. புகையா வெளிய போனதும் மறுபடி கொறையும். மறுபடி நீ ஊத்துவ. வண்டி ஆயில் குடிக்குது, குடிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னோமே. அது கேக்கவே இல்ல. நீதான் வாயில ஊத்தி விட்டிருக்க."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. நடுச் சாலையில் நின்ற டீச்சரம்மாவின் பீரோ, கணவனின் பெரிய இன்ஜின், அண்ணனின் இருபது நாள், மூன்று நாள் சண்டை, எல்லாம் இந்த இரண்டு விரற்கடையால் வந்ததா?

"அப்ப இன்ஜின் நல்லா இருக்கா? போர் போட வேண்டாமா?"

"நாலாவது சிலிண்டர் தேஞ்சிருக்கு. அது நெசம். எவ்வளவு நாள் தாங்கும்னு கேக்காத, தெரியாது. சரியான அளவுல ஆயில் ஊத்தி ஒரு மாசம் ஓட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஒரு வருஷமும் ஓடும், ஒரு வாரத்துல படுக்கவும் செய்யும்." கையைத் துடைக்கத் துணி தேடினார். "டிரைவர் சீட்டுக்கு அடியில சாமான் பெட்டி இருக்குமே, அதுல துணி இருக்கா பாரு."

அவள் பெட்டியைத் திறந்தாள். ஜாக்கி, ஸ்பேனர், பழைய துண்டு. துண்டுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று. மேலே லேபிள் ஒட்டியிருந்தது. அவளுடைய லேபிள்தான், ஆனால் எழுத்து அவளுடையது இல்லை. கோழி கிண்டியது மாதிரி எழுத்து. பன்னிரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் லேபிள்.

'டிரைவர் சாமான். கை வைக்காதே.'

கை வைத்தாள். பிரித்தாள்.

உள்ளே ஒரு புத்தம் புதிய ஆயில் அளவுக் கம்பி. நீளமானது. சரியானது. அதைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, கடை ரசீது. தேதியைப் பார்த்தாள். இரண்டு மாதம் முந்தையது.

"துணி இருக்கா?" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

"இருக்கு," என்றாள். கம்பியை, சுற்றியிருந்த காகிதத்தோடும் ரசீதோடும் கைப்பைக்குள் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டாள். ஏன் அண்ணனிடம் மறைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கட்டினவரை விட்டுக் கொடுக்கக் கூடாது என்ற பழக்கமாக இருக்கலாம். கட்டினவர் தன்னை என்ன செய்தார் என்றே இன்னும் புரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. கம்பி குட்டை என்று தெரிந்து, சரியான கம்பியை வாங்கி, சுற்றி, லேபிள் ஒட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார். பக்கத்தில் அவள். ஒவ்வொரு வாரமும் அவள் ஆயில் ஊற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

எதற்கு?

"அண்ணே, என் சீட்டை மாட்டிக் குடுங்க," என்றாள். "நல்லா இறுக்கி."

*

ஆறு லிட்டர் ஆயிலும் மேசையில் கிடந்த சரியான கம்பியும் போட்டு, நாலரை மணிக்கு அண்ணன் வண்டியை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். வரும் வழியில் முதல் தெருவில் புகை, இரண்டாவதில் பாதிப் புகை, நான்காவதில் ஒன்றும் இல்லை. மாடி அம்மாளுக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"இன்ஜினை ஆஃப் பண்ண வேண்டாம். ஓடட்டும்," என்றாள்.

அண்ணன் இறங்கி நடந்தார். அவள் இறங்கவில்லை.

கால் மணி நேரத்தில் கொழுந்தனின் லாரி பின்னால் வந்து நின்றது. மேலே தார்ப்பாய் போர்த்திக் கட்டிய பெரிய இன்ஜின். டிரைவர் குதித்து இறங்கி, வேனின் பின்பக்கம் வந்து, புகைக்குழாயைப் பார்த்து அப்படியே நின்றார். புகை இல்லாததைக் கண்டு மிரண்ட ஒரே டிரைவர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

மெல்ல வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடமாக அவர்கள் பேசிய முக்கால்வாசிப் பேச்சும் இந்த இரண்டு சீட்டில் உட்கார்ந்து பேசியதுதான்.

அவள் கைப்பையிலிருந்து கம்பியை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தாள். லேபிள் தெரியும்படி அந்தக் காகிதத்தையும் ரசீதையும் பக்கத்தில் வைத்தாள்.

"கை வச்சுட்டேன்," என்றாள். "ஆறு லிட்டர் இருக்க வேண்டிய எடத்துல ஒம்போது லிட்டர் இறங்கிச்சு."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "மாத்தணும்னுதான் வாங்கினேன். உனக்குத் தெரியாம மாத்திட்டா நீ வெக்கப்பட வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அன்னிக்குத்தான் அந்த மூணாவது மாடி வீடு."

அவளுக்குப் புரிந்தது. புரிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. மூன்றாவது மாடி வீட்டில் ஒரு சுமைக்காரர் வராமல் போக, வாஷிங் மெஷினின் ஒரு பக்கத்தை இவள் பிடித்தாள். மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. மூன்று நாள் கழித்து டாக்டர், இனி கனமே தூக்கக் கூடாது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான்காம் நாள் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். படம் எடுக்கப் போகவே இல்லை.

"எத்தன தடவ சொன்னேன்?" என்றார் அவர். "வீட்ல இருன்னேன். பொட்டலம் கட்ட வேற ஆள் பாக்கறேன்னேன். எதாவது ஒண்ணு காதுல வாங்கினியா? தூக்கத்துல திரும்பிப் படுக்கறப்போ முனகுற. உனக்குத் தெரியாது, எனக்குக் கேக்குது. நான் சொல்லி நீ நிக்க மாட்ட. வண்டி நின்னா நீயும் நிப்பன்னு தோணுச்சு."

"அதுக்காக என்னை ஊத்த விட்டுட்டு வேடிக்கை பாத்தீங்களா?"

"தினம் காலைல மாத்திடணும்னுதான் வருவேன். நீ இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்து வண்டியில ஏறுவ. சரி, இன்னும் ஒரு நாள்னு விட்டுடுவேன். நடு ரோட்ல நிக்கும்னு நான் கண்டேனா?"

"அந்தப் பெரிய இன்ஜின் வந்தா என் சீட் போயிடும்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் ஆயில் படிந்த கட்டைவிரலால் ஸ்டியரிங்கைத் தேய்த்தார்.

"தெரியும்," என்றார். "அதுக்குத்தான்."

இதற்கு என்ன செய்வது? இத்தனை அக்கறை ஒரு மனிதனுக்கு இருக்கிறதே என்று உருகுவதா? இத்தனை பெரிய திருட்டுத்தனமா என்று நாலு வார்த்தை கேட்பதா? அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. கோபத்தில் வந்ததா, வேறு எதிலாவது வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளாக அவள் பயந்தது நடக்கவில்லை. இவருக்குத் தன்னை விட்டுத் தள்ளிப் போகும் ஆசை இல்லை. ஆனால் நடந்தது அதைவிட நல்லதா என்றால் அதுவும் தெரியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

"கம்பி உடைஞ்சப்போ நீ சொல்லியிருக்கலாம்."

இருவரும் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டால் மட்டும் நாலுக்கு ஒரு தடவை லேசாக ஒரு தடுமாற்றம்.

கொழுந்தன் அவள் பக்க ஜன்னலுக்கு வந்தான். "அண்ணி, மணி அஞ்சு அடிக்கப் போவுது. இறக்கவா, திருப்பவா? எதாவது ஒண்ணு சொல்லுங்க, எனக்கு மண்டை காயுது."

அவள் விண்ணப்பத்தை எடுத்தாள். மடிப்பு மேல் மடிப்பாக நான்காக மடித்தாள். தன் சீட்டுக்கும் அதன் முதுகுக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகினாள்.

"திருப்பிடு தம்பி. உன் மேல கோவம் இல்ல. வேற யார் மேலயும் இருக்கான்னு இன்னும் முடிவு பண்ணல," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "இந்த வண்டி ஒரு மாசம் ஓடட்டும். அண்ணன் பாத்துச் சொல்லுவாரு. போர் போடணும்னா போடலாம். இன்ஜினே மாத்தணும்னாலும் மாத்தலாம், இந்தக் குழிக்குள்ள அடங்கற இன்ஜினா. நான் எதையும் தூக்க மாட்டேன். பொட்டலம் மட்டும் கட்டறேன். போதுமா?"

"தூக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"குடத்தக்கூட?"

"குடத்தக்கூட," என்றாள். காலையில் தூக்கி வைத்ததைச் சொல்லவில்லை.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "ஒம்போது லிட்டரா? சரியாப் போச்சு. இனிமே காபிய நானே ஊத்திக்கறேன்."

ஆறு வருடத்துக்குப் போதுமான சரக்கு கிடைத்துவிட்டது அவருக்கு. அவளும் சிரித்தாள். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, தம்பிக்கு லாரி திருப்ப வழி காட்டப் போனார். தார்ப்பாய் போர்த்திய இன்ஜின் வந்த வழியே போனது. முள் பாதியிலேயே சோர்ந்துபோன நான்காவது சிலிண்டரோடு பழைய இன்ஜின் அவள் சீட்டுக்கு அடியில் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. சீட் அவளுடையதாகவே இருந்தது.

இறங்கலாம் என்று அவள் கதவைத் திறந்தாள். ஒரு காலைக் கீழே நீட்டினாள்.

முதுகு பிடித்துக்கொண்டது. சுருக்கென்று இல்லை, இது வேறு. இடுப்புக்குக் கீழே வலது கால் தன்னுடையதே இல்லாதது மாதிரி மரத்துப்போனது. தரையில் நிற்கும் என்று நம்பி அந்தக் காலை வைக்க முடியாது என்று தெரிந்தது. கதவின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி, மெல்ல உள்ளே இழுத்து வைத்தாள்.

டிரைவர் வாசல் கேட்டைத் திறந்து பிடித்தபடி திரும்பினார். "வரலையா?"

"நீங்க போங்க. என் சீட்டு கெடைச்ச சந்தோஷத்துல கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துட்டு வரேன்," என்றாள் அவள், முகத்தில் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு.

அவர் கேட்டை விடவில்லை. உள்ளேயும் போகவில்லை. திறந்திருந்த வண்டிக் கதவையும், அவள் முழங்கால் மேல் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தபடியே நின்றார்.